போன கரண்ட் திரும்பி வரணும்

எங்க வீட்டு மாட்டுக் கொட்டாய்க்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை அம்பாசிடர் நிற்கிறது. 1996 மாடல் நோவா, டீசல் வண்டி. 2003-ல் கரும்புப் பணம் வந்ததும் நைனா அதை அரக்கோணத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். நைனா என்றால் அப்பா. அரக்கோணம், திருத்தணி பக்கத்தில் நிறைய வீடுகளில் இப்படித்தான் கூப்பிடுவோம்.

கார் என்று பேருக்குத்தான். வேர்க்கடலை மூட்டை, உர மூட்டை, கல்யாணப் பொண்ணு, ஒரு தடவை கன்னுக்குட்டி, எல்லாம் அதில் போயிருக்கிறது. எங்க வீடு ஊருக்குள்ள இல்ல, கழனியில இருக்கு. மெயின் ரோட்டுக்கு வர ஒன்றரை கிலோமீட்டர் வண்டிப்பாதை. சுத்தி இருக்கிற அஞ்சாறு வீட்டுக்கும் ராத்திரி அவசரம் என்றால் இந்த வண்டிதான். பிரசவ வலி வந்த பொம்பளைங்களையே ஏழெட்டு பேரை நைனா இதில் ஏத்திக்கொண்டு போயிருக்கிறார். யார்கிட்டயும் டீசல் காசு வாங்கியதில்லை.

நைனா போய் ஆறு வருஷம் ஆகிறது. சென்னையில் இருக்கிற தம்பி ஒவ்வொரு பொங்கலுக்கும் அதையே சொல்வான். "அண்ணா, எடைக்குப் போட்டுடு. ஆர்.சி. புதுப்பிக்கவே எவ்ளோ செலவு பாரு." அவன் சொல்வதும் நியாயம்தான். 15 வருஷம் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க முன்னெல்லாம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அதை 5,000 ஆக்கினார்கள். அம்பாசிடர் தயாரிப்பையே 2014-ல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் எனக்கு மனசு வரவில்லை. ராத்திரி நேரத்துக்கு வீட்டில் ஒரு வண்டி வேணும் என்று சொல்லியே தள்ளிக்கொண்டு வந்தேன்.

அப்படி ஒரு ராத்திரி போன ஐப்பசியில் வந்தது.

மூணு நாளாக விடாத மழை. பதினோரு மணிக்கு அம்மா எழுந்து உட்கார்ந்தார்கள். மூச்சு வாங்குது, படுக்க முடியல என்றார்கள். நெஞ்சில் கொரகொர சத்தம். 108-க்கு போன் போட்டோம். வண்டி வரும், ஆனால் அந்தச் சேத்துப் பாதையில் ஆம்புலன்ஸ் உள்ளே இறங்கினால் ஏறாது. மெயின் ரோடு வரைக்கும் நாமதான் கொண்டுபோகணும். நான் போய் அம்பாசிடரில் உட்கார்ந்து, ஹீட்டரைக் கொஞ்ச நேரம் போட்டுவிட்டு, சாவியைத் திருப்பினேன்.

டக்.

அவ்வளவுதான். மறுபடி திருப்பினேன். டக். ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தேன், பளிச்சென்று எரிந்தது. பக்கத்துக் கழனிக்காரர் டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்து, அதன் பேட்டரியில் இருந்து ஜம்பர் கேபிள் போட்டார். பிளஸ்ஸுக்கு பிளஸ், மைனஸுக்கு மைனஸ். அப்பவும் டக். தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம் என்றால், ஒரு டன்னுக்கு மேல் இருக்கிற வண்டி சேத்தில் நகரவே இல்லை.

கடைசியில் டிராக்டர் டிரெய்லரில் கயித்துக் கட்டிலைப் போட்டு, அம்மாவைச் சாய்த்து உட்காரவைத்து, மேலே தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு போனோம். ஒன்றரை கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்தைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. ரோட்டில் ஆம்புலன்ஸ் நின்றுகொண்டிருந்தது, ஆக்சிஜன் வைத்தார்கள். நுரையீரலில் நீர் கோத்திருந்தது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அஞ்சு நாள் இருந்து வீட்டுக்கு வந்தார்கள். இப்போ மாத்திரையில் நன்றாக இருக்கிறார்கள்.

வந்ததும் வராததுமாக வண்டியைச் சரிபண்ணக் கிளம்பினேன். கோபம்தான். யார் மேல் என்று தெரியாத கோபம்.

முதலில் பேட்டரி. நாலு வருஷம் ஆச்சு, போயிருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். புதுசு போட்டேன், ஏழாயிரம் ரூபாய் கிட்ட ஆச்சு. போட்டதும் ஸ்டார்ட் ஆனது. ரெண்டு நாள் கழித்து மறுபடி டக்.

அடுத்து ஸ்டார்ட்டர் மோட்டார். லைட் பளிச்சுனு எரியுது, புது பேட்டரி வேற, அப்போ ஸ்டார்ட்டர்தான் என்றார் மெக்கானிக். கேட்கச் சரியாகத்தான் இருந்தது. கழற்றி டவுனில் ஆட்டோ எலக்ட்ரிகல் கடையில் கொடுத்தோம். சென்னையில் இருக்கிறவர்களுக்கு பாடியில் 'லூகாஸ்' பஸ் ஸ்டாப் தெரிந்திருக்கும். 1961-ல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் அங்கேதான் இருக்கிறது. நம்ம ஊர் பழைய வண்டிகளில் பாதிக்கு ஸ்டார்ட்டரும் டைனமோவும் அங்கே இருந்து வந்ததுதான். எங்க வண்டியிலும் அதுதான். கடைக்காரர் பெஞ்சில் வைத்து பேட்டரி கொடுத்தார், மோட்டார் சீறிக்கொண்டு சுத்தியது. "இதுல ஒண்ணும் இல்லீங்க" என்றார். இருந்தாலும் கொண்டுவந்ததுக்கு பிரஷ்ஷும் புஷ்ஷும் மாத்தச் சொன்னேன். 2,500 ரூபாய். மாட்டினோம், ஸ்டார்ட் ஆனது. நாலாம் நாள் டக்.

அப்புறம் சாவி ஸ்விட்ச்சை மாத்தினேன். அதுவும் இல்லை.

இதற்கு நடுவில் ஒன்று நடந்துகொண்டே இருந்தது. நான் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பேன், வீட்டுக்காரி உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்புவாள். ஒரு நாள் சொன்னாள், "ஏங்க, இந்த இழுக்குற குமிழு சுடுதுங்க." பழைய டீசல் அம்பாசிடரில் எஞ்சினை நிறுத்த ஒரு குமிழைப் பிடித்து இழுக்கணும். அதில் இருந்து ஒரு இரும்புக் கேபிள் எஞ்சினுக்குப் போகும். "எஞ்சின் சூடா இருக்கும், வுடு" என்றேன். எஞ்சின் ஸ்டார்ட்டே ஆகவில்லை, எப்படிச் சூடாகும் என்று எனக்குத் தோன்றவில்லை. அடுத்த வாரம் மறுபடி சொன்னாள். மூணாவது தடவை, "தோசைக்கல்லு மாதிரி சுடுதுன்னு சொல்றேன், யாரும் காதுல வாங்கறதில்ல" என்று கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள்.

அவள் வழியில் ஒரு மாமா இருக்கிறார். அரக்கோணம் மின்சார லோகோ ஷெட்டில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அம்மாவைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவரிடம் அவள் இந்தக் குமிழ் கதையைச் சொல்லியிருக்கிறாள். மாமா காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"மாப்ள, உங்க ஊர் மேலதானே ரயில் கம்பி போகுது. அதுல எத்தினி வோல்ட்டு?"

"இருபத்தஞ்சாயிரம்."

"கரண்ட்டு அந்தக் கம்பியில வருது, இன்ஜினுக்குள்ள போவுது. திரும்பிப் போறதுக்கு ரெண்டாவது கம்பி எங்க?"

பொறந்ததில் இருந்து ரயிலைப் பார்த்துக்கொண்டு வளர்ந்தவன் நான். அரக்கோணம் ஜங்ஷனில் ரயிலைப் பார்க்காமல் யாரும் வளர முடியாது. இந்தக் கேள்வி என் புத்தியில் வந்ததே இல்லை.

"தண்டவாளம்தான் மாப்ள. சக்கரத்துல இறங்கி, தண்டவாளம் வழியா சப்-ஸ்டேஷனுக்குத் திரும்பணும். மேல இருக்கிற கம்பியை ஊரே பாக்கும், கீழ இருக்கறத யாரும் பாக்கமாட்டான். கரண்ட்டு சக்கரத்துக்கு இறங்கறதுக்குன்னே அச்சுல ஒரு பிரஷ் வச்சிருப்போம். அது சரியாத் தொடலன்னு வை, கரண்ட்டு சும்மா நிக்காது. பேரிங் வழியா பூந்து போகும், பேரிங்கைத் தின்னுடும். உன் வண்டியில உன் கேபிளைத் தின்னுது."

இதை வண்டிக்குக் கொண்டுவந்து சொல்கிறேன். காரில் பேட்டரியின் பிளஸ்ஸில் இருந்து ஒரு தடித்த ஒயர் ஸ்டார்ட்டருக்குப் போகும். மைனஸ் ஒயர் பாடியில் போல்ட் போட்டிருக்கும். லைட், ஹாரன் எல்லாம் பாடி வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்பும். ஆனால் ஸ்டார்ட்டர் பாடியில் இல்லை, எஞ்சினில் இருக்கிறது. எஞ்சினோ ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் கரண்ட் விடாது. அதனால் எஞ்சினையும் பாடியையும் சேர்க்க, செம்புக் கம்பியில் பின்னின ஒரு பட்டையைப் போட்டிருப்பார்கள். எர்த் பட்டை என்போம். ஸ்டார்ட்டருக்குப் போன கரண்ட் முழுக்க அந்த ஒரு பட்டை வழியாகத்தான் வீடு திரும்பணும்.

பட்டை கெட்டுவிட்டால் கரண்ட் வேறு வழி தேடும். எஞ்சினையும் பாடியையும் தொட்டுக்கொண்டிருக்கிற மத்த இரும்பு எதுவோ அதில் ஏறும். ஆக்ஸிலேட்டர் கம்பி, ஸ்பீடோமீட்டர் கேபிள், எங்க வண்டியில் அந்தக் குமிழ் கேபிள். நூலு மாதிரி இருக்கிற கேபிளில் அவ்வளவு கரண்ட் போனால் சுடாமல் என்ன செய்யும்?

மாமா மீட்டரை எடுத்தார். சும்மா இருக்கும்போது பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது. நல்ல பேட்டரி. வீட்டுக்காரியை உட்காரவைத்து சாவியைத் திருப்பிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்தார். நான் கடலை மூட்டை கணக்கு எழுதுகிற நோட்டில் எழுதிக்கொண்டேன். சாவி திரும்பியிருக்கும்போது பேட்டரியில் 12.2. ஸ்டார்ட்டரின் பிளஸ் முனைக்கும் அதன் உடம்புக்கும் நடுவில் வெறும் 6. மீதி 6.2 எங்கே போச்சு? பேட்டரி பிளஸ்ஸில் இருந்து ஸ்டார்ட்டர் வரைக்கும் 0.3. அது பரவாயில்லை. பேட்டரி மைனஸுக்கும் எஞ்சின் இரும்புக்கும் 5.9. அங்கே பூஜ்யத்தை ஒட்டி இருக்கணும், அரை வோல்ட்டைத் தாண்டினாலே சந்தேகப்படணும். அதையும் ரெண்டாகப் பிரித்தார். பேட்டரி மைனஸில் இருந்து பாடிக்கு 0.1. பாடியில் இருந்து எஞ்சினுக்கு 5.8.

கரண்ட் திரும்பி வருகிற வழியில், ஒரே ஒரு பட்டையில், பாதி வோல்ட் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

ஹெட்லைட் ஏன் பளிச்சென்று எரிந்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது. லைட்டுக்கு எர்த் பாடியில், அது நன்றாக இருக்கிறது. ஸ்டார்ட்டரால் கரண்ட் இழுக்கவே முடியவில்லை, அதனால் பேட்டரிக்குப் பாரமே இல்லை. சாவியைத் திருப்பும்போது லைட் சுத்தமாக மங்கினால் பேட்டரியையோ அதன் டெர்மினலையோ பார்க்கணும். லைட் அசையாமல் எரிந்தால் ஸ்டார்ட்டருக்குப் போகிற வழியும் வருகிற வழியும் இரண்டையும் பார்க்கணும். நாங்கள் போகிற வழியை மட்டும் மூணு வாரம் பார்த்தோம்.

மாமா ஜம்பர் கேபிளில் கறுப்பை மட்டும் எடுத்தார். ஒரு கிளிப்பை பேட்டரி மைனஸில் மாட்டினார், இன்னொன்றை எஞ்சினில் பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட்டில் கடிக்கவிட்டார். "திருப்பும்மா" என்றார்.

வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. கொட்டாயில் மாடுகள் மிரண்டு எழுந்தன. திண்ணையில் இருந்து அம்மா எட்டிப் பார்த்தார்கள்.

நான் சந்தோஷப்பட்டிருக்கணும். எனக்கு அந்த மழை ராத்திரி ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கும் இதே கேபிள் கையில் இருந்தது. நாலு கிளிப். வண்டிப் பக்கம் கறுப்பு கிளிப்பை பேட்டரி மைனஸில் போட்டோம். அதை ஒரு முழம் தள்ளி எஞ்சின் மேல் போட்டிருந்தால், அந்த ராத்திரியே ஸ்டார்ட் ஆகியிருக்கும். பத்து நிமிஷத்தில் அம்மா ரோட்டில் இருந்திருப்பார்கள். மாமாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எப்பவுமே கடைசி கறுப்பு கிளிப்பை எஞ்சின்லதான் போடணும் மாப்ள. பேட்டரி மேல ஹைட்ரஜன் வாயு நிக்கும், அங்க பொறி பறக்கக் கூடாது. அதுக்காகவே சொல்லியிருக்கான்" என்றார். அது தெரியாமல்தான் இத்தனை வருஷம் ஊரில் எல்லாருக்கும் ஜம்பர் போட்டுக்கொண்டிருந்தேன்.

வண்டிக்கு அடியில் படுத்துப் பட்டையைக் கழற்றினோம். செம்பு பச்சை பூத்து, முக்கால்வாசி இழை அறுந்து, மிச்சம் பொடிப்பொடியாக வந்தது. அதற்குக் காரணம் நான்தான். மாட்டு மூத்திரத்தில் இருந்து கிளம்புகிற அமோனியா செம்பை அரிக்கும். வண்டியைக் கொண்டுபோய் மாட்டுக் கொட்டாய் ஓரமாக நிறுத்தியது நான். அதற்கு முந்தின வருஷம் கிளட்ச் வேலைக்கு விட்டபோது, துரு பிடிக்காமல் இருக்க அடியில் கறுப்பு பெயிண்ட் அடிக்கச் சொன்னதும் நான். அந்தப் பெயிண்ட் மேலேயே பட்டையின் முனை உட்கார்ந்திருந்தது. இரும்பும் இரும்பும் தொடவேண்டிய இடத்தில் பெயிண்ட் தொட்டுக்கொண்டிருந்தது.

புதுப் பட்டை 150 ரூபாய். எமரி பேப்பர் போட்டு ரெண்டு பக்கமும் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, போல்ட்டை இறுக்கி, அதற்கு அப்புறம் மேலே வாஸ்லின் தடவினோம். அரை மணி நேர வேலை. அதற்கு முன்னால் செலவழித்தது பத்தாயிரத்துக்கு மேல்.

எனக்கு வெட்கமாக இருந்தது வேறு விஷயத்துக்கு. கழனியில் அஞ்சு எச்.பி. மோட்டார் உறுமிக்கொண்டு ஓடாமல் நின்றால், கிணத்தில் இருந்து மோட்டாரைத் தூக்கவா ஓடுவேன்? முதலில் ஃப்யூஸ் கேரியர் கருகியிருக்கா பார்ப்பேன், மூணு பேஸும் வருதா என்று டெஸ்ட் லேம்ப் வைப்பேன், ஸ்டார்ட்டர் பெட்டியில் கான்டாக்ட் பாயிண்ட்டைத் தேய்ப்பேன். பத்தில் எட்டு தடவை இணைப்பில்தான் கோளாறு இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதே ஆள், கார் என்றதும் சாமான் சாமானாக மாத்தினேன். மாத்தின ஒவ்வொரு தடவையும் ரெண்டு மூணு நாள் ஓடியது வேறு ஏமாத்திவிட்டது. புது பேட்டரியின் தெம்பும், கழற்றி மாட்டினபோது பட்டை அசைந்து கொஞ்சம் தொட்டதும்தான் அந்த ரெண்டு நாள். கழற்றி மாட்டினால் ஓடி, மறுபடி நின்றால், சாமான் மேல் சந்தேகம் வேண்டாம், இணைப்பைத் தேடுங்கள்.

வீட்டில் பழைய மாருதி 800-ஓ, பத்மினியோ, நைனா ஞாபகமாக ஒரு அம்பாசிடரோ வைத்திருக்கிறவர்களுக்கு நான் கத்துக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். சாவியைத் திருப்பினால் டக் மட்டும் வந்தால், முதலில் பேட்டரி டெர்மினல் ரெண்டையும் கையால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் அங்கேயே முடிந்தது. வெள்ளைப் பூஞ்சை மாதிரி பூத்திருந்தால், மைனஸை முதலில் கழற்றி, வெந்நீர் ஊற்றிச் சுத்தம் செய்து, காயவைத்து, மைனஸைக் கடைசியில் மாட்டுங்கள். அடுத்தது ஹெட்லைட் சோதனை. அதற்கடுத்தது கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, கறுப்புக் கேபிளை மைனஸுக்கும் எஞ்சினுக்கும் போட்டுப் பார்ப்பது. மீட்டர் இருந்தால், ஆளை வைத்து சாவியைத் திருப்பியபடியே வோல்ட் பாருங்கள். சும்மா நிற்கும்போது பார்த்தால் அறுந்த பட்டையும் நல்ல பட்டை மாதிரியே காட்டும். மிச்சம் இருக்கிற ரெண்டு இழை ஒரு சின்ன பல்பு எரியப் போதும். டீசல் எஞ்சினைச் சுத்த 200 ஆம்பியருக்கு மேல் வேணும். அந்த ஓட்டத்தில் ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 2 வோல்ட் காலி. இதெல்லாம் பார்த்த பிறகு பேட்டரி கடைக்குப் போங்கள். அப்புறம், உள்ளே உட்கார்ந்து சாவி திருப்புகிறவர் ஏதாவது சுடுது என்று சொன்னால், கையை வைத்துப் பாருங்கள்.

வண்டியை இப்போ கொட்டாய்க்கு இந்தப் பக்கம், வேப்பமரத்தடியில் நிறுத்துகிறேன். டிக்கியில் ஜம்பர் கேபிள் இருக்கிறது. எஞ்சினில் எந்தப் போல்ட் என்று சிவப்புத் துணி கட்டிவைத்திருக்கிறேன். டிராக்டர்காரர், அவர் பையன், என் பையன் மூணு பேருக்கும் காட்டியாச்சு. வீட்டுக்காரிக்குக் காட்டப் போனேன், "எனக்குத் தெரியும், நவுருங்க" என்றாள்.

போன மாசம் அம்மாவைச் செக்கப்புக்கு அதில்தான் கூட்டிக்கொண்டு போனேன். முன் சீட்டில் உட்கார்ந்து, அந்தக் குமிழைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சில்லுனு இருக்குடா" என்றார்கள். தம்பிக்கு போன் போட்டுச் சொன்னேன். இந்தப் பொங்கலுக்கு அவன் எடைக்குப் போடுகிற பேச்சை எடுக்கவில்லை. வந்து பானட்டைத் திறந்து, "எந்தப் போல்ட்டுண்ணா?" என்று மட்டும் கேட்டான்.